ஒட்டுத் தெரியாத பச்சை

ஹட்டனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் முத்துலிங்கம் வெப்சைட் செய்து கொடுக்கும் அலுவலகம் நடத்தினார். சுலக்ஷனாவுக்கு அங்கே அது ஆறாவது வருடம். பக்கங்களின் பின்னணிக்குப் படம் செய்வது அவள் வேலை. துணி, மரம், கல், இலை என்று ஏதாவது ஒன்றில் ஒரு சிறிய சதுரம் செய்வாள். அதையே கணினி பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு போகும். ஒரு சதுரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் குளியலறைச் சுவர் மாதிரி ஆகிவிடும்.

மூன்று வாரமாக ஒரு விடுதிக்காரர் அவளை வாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேயிலைப் பச்சை வேண்டும். எட்டுச் சதுரம் அனுப்பினாள். எட்டும் திரும்பி வந்தன.

"இன்டர்நெட்ல எடுத்த படம் சார். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். எப்படி ஒட்டினாலும் கோடு விழுது" என்றாள் முத்துலிங்கத்திடம்.

"அப்ப நீங்களே எடுத்துட்டு வாங்களேன். தேயிலைத் தோட்டத்துலதானே இருக்கீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வட்டகொடையிலிருந்து இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறவள் "சரி சார்" என்றாள்.

மறுநாள் காலை மலையில் மூட்டம். எங்கும் நிழலே விழவில்லை. அம்மா பூரணி தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சரிவுக்கு ஏறிப் போய், செடிகளுக்கு மேலே போனை நேராகக் கவிழ்த்துப் பிடித்துப் படம் எடுத்தாள். அதற்குள் காலில் இரண்டு அட்டைகள் ஏறிவிட்டன. மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு வீரய்யா மேல் பாதையிலிருந்து சத்தம் போட்டார்.

"யாருகிட்டக் கேட்டுப் படம் எடுக்கிற?"

"எலைய மட்டுந்தாங்க ஐயா."

"எலைய வச்சு என்னா செய்யப்போற?"

"எம் மகதாங்க. கம்ப்யூட்டர் வேலைக்குங்க" என்றாள் பூரணி, கையை நிறுத்தாமலே.

"சரி சரி, எடுத்துட்டு வெரசாப் போ."

படத்தை நான்காக வெட்டி, ஓரங்கள் நடுவுக்கு வரும்படி மாற்றி வைத்து, நடுவில் தெரிந்த கோட்டை ஒவ்வொரு இலையாக வைத்து மூடினாள். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் திரை முழுக்க விரித்துப் பார்த்தபோது கோடு இல்லை. ஆனால் ஒரே இடைவெளியில் பழுப்பாக ஏதோ ஒரு புள்ளி திரும்பத் திரும்ப வந்தது. பெரிதாக்கினாள். இலைக்கு நடுவே இரண்டு விரல், கறை ஏறிய நகம். அம்மாவின் விரல்கள். எண்ணிப் பார்த்தாள், நாற்பது இடத்தில்.

தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு மூலையிலிருந்து ஓர் இலையை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

விடுதிக்காரருக்குப் பிடித்தது. ஆனால் அதன் மேலே வரும் எழுத்தை வாசிக்க முடியவில்லை என்று மங்கலாக்கச் சொன்னார். மங்கலாக்கினாள். இன்னும் என்றார். கடைசியில் துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி போல ஆனது. அப்படியே வெளியிட்டார்கள்.

அன்று பின்னேரம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பூரணி போனை வாங்கிக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள்.

"எங்க புள்ள, நம்ம மல?"

"எழுத்துக்குப் பின்னாலம்மா."

"வெள்ளையால்ல இருக்கு? ஒண்ணுந் தெரியலையே."

"தெரியக் கூடாதும்மா. அதான் வேல." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஒங்க வெரலும் படத்துல இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. இந்த நகத்த யாரு பாக்குறது?" பூரணி சிரித்தாள்.

சுலக்ஷனா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது முத்துலிங்கத்தின் செய்தி வந்தது. நானுஓயாவில் ஒரு கடை, மரப்பலகைப் பின்னணி வேண்டுமாம், நாளையே தொடங்க வேண்டுமாம்.

விரலை அழித்த கையோடு உடனே இன்னொரு சதுரம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. 'நாளைக்கு வரமாட்டேன் சார்' என்று ஒற்றைக் கையால் எழுதி அனுப்பினாள். காரணம் எழுதவில்லை. போனை அணைத்துவிட்டு உள்ளே போய், உடுப்பைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள்.