குறைந்துகொண்டே வந்த தூரம்

ஏரியிலிருந்து வரும் செய்தி மதியம் இரண்டே காலுக்கு நின்றுபோனது. மலைப்பனி உருகித் தேங்கிய ஏரி அது. அதன் நீர்மட்டம், ஆற்றோரக் கம்பங்களில் தொங்கும் கண்ணாடியிழை வழியாக நிமிடத்துக்கொரு முறை கோக்பெல் ஊருக்கு வந்து சேரும். அதைக் கவனிப்பதுதான் நூர்ஜாத்தின் வேலை.

"எலி கடிச்சிருக்கும். எங்க அறுந்திருக்குன்னு பாரு" என்றார் மேலாளர் சகின்பாய்.

அவள் சோதனைக் கருவியை மாட்டி ஒளித்துடிப்பை அனுப்பினாள். இழைக்குள் நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அறுந்த முனையில் முட்டித் திரும்பியது. போய்வந்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைச் சொன்னது: 12.4 கிலோமீட்டர்.

"பாலத்துக்கிட்டதான். ஒட்டிட்டு வந்துடறேன்." ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனசு கேட்காமல் மூன்று நிமிடம் கழித்து மறுபடி அளந்தாள். 11.6. இழைமுனையைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். 11.3.

அறுந்த இடம் ஊரை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஏரி உடைந்துவிட்டது. சேறும் பாறையும் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு இறங்குகின்றன. சகின்பாய் அதற்கு நேரெதிரே போய்க்கொண்டிருக்கிறார். கைபேசியில் அழைத்தாள், மேலேயிருந்த கோபுரமும் அதே இழையை நம்பியிருந்ததால் இணைப்பே இல்லை.

மாவட்ட உத்தரவில்லாமல் அபாயச் சங்கை ஊதக் கூடாது. போன வருடம் தவறாக ஊதியதற்கு ஊரே அவளைப் பரிகசித்திருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

தெருவில் சகின்பாயின் மனைவி புரூல் மறித்தாள். "போன வருசம் மாதிரி ஓட விட்டுட்டுச் சிரிக்கப் போறியா?"

"சிரிக்கிறதா இருந்தா மேட்டுல போய்ச் சிரிப்போம் அக்கா. மொதல்ல பிள்ளைங்கள ஏத்துங்க."

மூன்றேகாலுக்கு வெள்ளம் வந்தது. கீழ்த்தெருவையும் அலுவலகத்தையும் வாரிக்கொண்டு போனது. மேட்டில் எல்லோரும் இருந்தார்கள், ஒருவரைத் தவிர.

"எங்க வீட்டுக்காரர் எங்கடி?"

நூர்ஜாத் பாலம் இருந்த திசையைக் காட்டினாள். தூரத்தைச் சொல்லி அனுப்பியவளே அவள்தான். புரூல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மலைச்சரிவில் ஓர் உருவம் நொண்டிக்கொண்டு வந்தது. ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.

"சங்குச் சத்தம் கேட்டுச்சு" என்றார் சகின்பாய், மூச்சு வாங்க. "ஜீப்ப அப்படியே விட்டுட்டு மேல ஏறிட்டேன்."

புரூல் அவரை வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினாள். நூர்ஜாத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.