வால்வுக்குத் தூளி

வால்வுக்காரரின் வலது கால் அவர் பிறப்பதற்கு முன்பே ஆடத் தொடங்கிவிட்டது என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சு, ஆண்டு முடிவதற்குள் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போயிருந்தது. யாரும் தள்ளவில்லை. கல்யாணப் போட்டோவில் எல்லோரும் பளிச்சென்று இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் முழங்கால் மட்டும் புகைமூட்டமாக இருக்கிறது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவர் பாடினதில்லை, அந்தமட்டும் லாபம்.

ஹெவி மெட்டல் வாசிக்கிற கிதார்க்காரர்களுக்கு, காலால் மிதித்தால் ஒலியைக் கரகரவென்று கிழித்துக் கொடுக்கும் டிஸ்டார்ஷன் பெடல் செய்வது அவர் வேலை. தகரப் பெட்டிக்குள் பாதி டிரான்சிஸ்டர், பாதி பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு. டிரான்சிஸ்டர் கடிக்கும், வால்வு மெல்லும் என்று அவரே விளக்கம் சொல்வார். ஆறு வருடமாகப் பதினெட்டுப் பெட்டி செய்தும், ஒன்றுகூட மேடை ஏறியதில்லை. அலமாரியில் வரிசையாக உட்கார்ந்து, கல்யாணமாகாத பிள்ளைகளைப் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பத்தொன்பதாவதை மேடையில் மிதிப்பதாக அவருடைய மச்சினன் ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் அரங்கில் அவன் குழுவின் கச்சேரி. மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் வெட்டினாற்போல நிற்கும். நாலு எண்ணிக்கை நிசப்தம். பிறகு இடி விழும். அந்த நிசப்தத்துக்காகத்தான் ஜனங்கள் வருகிறார்களாம்.

"அந்த நாலு எண்ணிக்கையில ஈ பறக்கிற சத்தம்கூட வரக்கூடாது மாமா. வந்துச்சுன்னா கடையில வாங்குன பெடலத்தான் மிதிப்பேன். அக்கா அழுதாலும் சரி."

"நான் எதுக்குடா அழப்போறேன்," என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

வால்வுக்காரர் நாற்பத்தொரு வால்வுகளைச் செருகிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பென்சிலால் தட்டுவது வழக்கம். தட்டின சத்தம் ஸ்பீக்கரில் டங்கென்று கேட்டால் அந்த வால்வுக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போட்டுவிட வேண்டும். நாற்பது வால்வுக்குக் காதும் இல்லை, குரலும் இல்லை. நாற்பத்தொன்றாவதின் குரல் மட்டும் இரும்புக் கதவைத் தேனில் தோய்த்து அறைந்ததுபோல இருந்தது. காதும் இருந்தது. மேசைமேல் ஓர் எறும்பு நடந்தது ஸ்பீக்கரில் கேட்டதாக அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை, எறும்பும் மறுக்கவில்லை. மேடையில் யார் வந்து பென்சிலால் தட்டப்போகிறார்கள் என்று அதையே வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு சத்தம் வந்தது. கிதாரை நிறுத்தினால் ஸ்பீக்கரில் டுக்டுக்டுக்டுக். மின்தேக்கிகளை மாற்றினார். எர்த் ஒயரைப் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தார். டுக்டுக்டுக். மீட்டர் எடுக்க எழுந்தால் நிற்கும். வந்து உட்கார்ந்தால் வரும். இப்படி ஆள் பார்த்து ஒளிகிற கோளாறை அவர் கண்டதில்லை. புதன்கிழமை நாற்காலியை மாற்றினார். வியாழக்கிழமை சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கினார், ஏதோ பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர் மாதிரி. அப்போதுதான் பளிச்சென்று பட்டது. வால்வுக்குக் காது இருக்கிறது, கீழ்வீட்டில் தையல்காரம்மா இருக்கிறாள், அவளிடம் மெஷின் இருக்கிறது.

சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே படி இறங்கினார். சனிக்கிழமை வரைக்கும் மெஷினை நிறுத்திவைக்க வேண்டும் என்றார். தையல்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

"என் மெஷின் பெல்ட் அறுந்து நாலு நாளாச்சுண்ணே. கையாலதான் தைக்கிறேன். மேல ராப்பகலா கடகடன்னு ஓடுதே, நீங்கதான் மெஷின் வாங்கிப் போட்டு எனக்குப் போட்டியா தைக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"எங்க வீட்ல மெஷினே இல்லையே."

தையல்காரம்மா ஊசியைக் கீழே வைத்தாள். நின்றபடியே ஆடிக்கொண்டிருந்த அவருடைய வலது முழங்காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக.

மாடிக்கு வந்து மேசையில் உட்கார்ந்து, காலை இரண்டு கையாலும் அமுக்கினார். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. கையை எடுத்தார். டுக்டுக்டுக். மனைவியிடம் காலைக் கட்டிப்போடலாமா என்று கேட்டார். கச்சேரிக்குப் போகாமல் வீட்டோடு இருப்பதற்குச் செத்துப்போகலாம். போனால் கால் ஆடும், தரை அதிரும், மச்சினன் கடைப் பெடலை எடுப்பான். வால்வை மாற்றினாலோ அந்தக் குரல் போய்விடும்.

"உங்க காலத் திருத்த உங்கம்மாவாலயே முடியல," என்றாள் அவள். "தரை ஆடினா புள்ள முழிச்சுக்குதுன்னா, புள்ளயத் தூளியில போடுவாங்களா, தரையத் திட்டுவாங்களா?"

வெள்ளிக்கிழமை முழுக்கப் பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாவாகக் கிழித்தார். வால்வின் சாக்கெட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி, நாலு மூலையிலும் ரப்பர் கட்டித் தொங்கவிட்டார். தடித்த ஒயர் அதிர்வைக் கொண்டுபோகும் என்று தலைமுடி கனமுள்ள ஒயராக மாற்றினார். பென்சிலால் பெட்டியைத் தட்டினார். வால்வு தூங்கிற்று.

ஆனால் பென்சில் வேறு, அவர் கால் வேறு. அந்தச் சந்தேகத்தோடுதான் சனிக்கிழமை அரங்குக்குப் போனார். பதினோரு நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் இணைத்திருந்த வரிசை. நடுவில் அவர், பக்கத்தில் மனைவி. முதல் பாட்டிலேயே அந்தக் கரகரப்பு நெஞ்செலும்பைத் தொட்டது. இரண்டாவது அவர் காதிலேயே விழவில்லை. மூன்றாவது தொடங்கியது. காலை அமுக்கினார், அவள் தன் கையையும் மேலே வைத்து அமுக்கினாள். மேடையில் மச்சினன் கை உயர்ந்து, வெட்டி நின்றது.

ஒன்று.

கால் இரண்டு பேர் கையையும் உதறிவிட்டு ஆடியது. இத்தனை வருடத்தில் அது இப்படி ஆடினதில்லை. பதினோரு நாற்காலியும் ஆடின. கோடியில் இருந்தவரின் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. வால்வுக்காரர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு. மூன்று. நாலு.

ஸ்பீக்கர் கிணறுபோலச் சும்மா இருந்தது. பிறகு இடி விழுந்தது.

பாட்டு முடிந்ததும் கோடிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பக்கம் குனிந்தார்.

"பாட்டு பிரமாதம் சார். கால மட்டும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"அது என் பேச்சக் கேக்காது," என்றார் வால்வுக்காரர்.