தடியின் மறுமுனை

"பந்தைவிடக் கொஞ்சம் பெரிசா கீறான்" என்றார் வேதமாணிக்கம் மேஸ்திரி. கல்மண்டபத்துத் தேநீர்க் கடையின் பின்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அலி அக்பரும் சிரித்தான். மேஸ்திரியின் வேடிக்கைக்குச் சிரிக்காதவன் அந்த அறையில் நெடுநாள் உட்கார்ந்ததில்லை.

பேச்சு அமீரைப் பற்றியது. அமீர், அலி அக்பரின் மனைவி சாபிராவுக்குத் தம்பி. போன மழையில் சடையங்குப்பத்துக் குடிசையை வெள்ளம் கொண்டுபோன பிறகு, ஒரு துணிமூட்டையோடு அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். மீசை அரும்பி முடிந்த வயதுதான்; ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றே நினைப்பார்கள். இப்போது அவன் கடைக்கு வெளியே, வெயிலில், தன்னைப் பற்றி உள்ளே முடிவாகட்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.

துறைமுகத்தில் ஒரு தேயிலைக் கிடங்குக்குச் சுமையாட்களை அமர்த்துகிறவர் வேதமாணிக்கம். கிடங்கின் கால்பந்து அணிக்கும் அவரே தலைவர். அணியில் ஆடுகிறவனுக்குக் கிடங்கில் வேலை உறுதி. தலைக்கு மேல் கூரை உண்டு. பயிற்சிக்காக மாலையில் முன்னதாகவே விடுவார்கள். அணியில் இல்லாதவன் கரி இறங்கும் துறைக்குப் போய்க் காலையில் கூட்டத்தோடு நிற்க வேண்டும். அங்கே ஆளைப் பார்த்து எடுப்பார்கள்; எடுக்காமலும் விடுவார்கள். ஆகையால், யாரை அணியில் சேர்ப்பது என்று அந்தப் பின்னறையில் பேசும்போது, யார் வீட்டில் உலை கொதிப்பது என்றும் சேர்த்தே பேசினார்கள். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அணியில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். வலது ஓரத்தில் ஆடும் ராசையாவின் முழங்கால் போன பருவத்தில் பிசகியது. அது இன்னும் சரியாகவில்லை. அவன் நொண்டுவதை மறைப்பதற்காகவே மெதுவாக நடக்கப் பழகியிருந்தான். அவன் மேஸ்திரிக்குச் சொந்த அக்காள் மகன். அந்த உறவுக்காக யாரும் முழங்காலைப் பற்றிப் பேசவில்லை; அமீரின் உயரத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

"பெரம்பூர் டீம் ஆளுங்க ஒவ்வொருத்தனும் பனமரம் கணக்கா கீறானுங்க" என்றான் ராசையா. "ஒரு தோளு பட்டா, இவன் காசிமேட்டுக் கடல்ல போய் வுழுவான். வலை போட்டுத்தான் எடுக்கணும்."

"தோளு படறதுக்கு அவன் அங்க நிக்கணுமே நைனா" என்றான் அலி அக்பர். "நேத்து மைதானத்துல அவனைத் தொட்டவன் யாரு? நீ தொட்டியா?"

"எனக்கு முட்டி..." என்று தொடங்கிய ராசையா பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அலி அக்பர் அதிகம் பேசுகிறவன் அல்லன். ஆனால் காலையில் அவன் புறப்படும்போது சாபிரா வாசல்வரை வந்து, "அவனுக்கு உங்களை வுட்டா யாரு கீறாங்க?" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதோடு, அவன் சொல்லப்போவது உண்மை என்பதும் அவனுக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்தது.

"பெரிய ஆளு ஓட ஆரம்பிச்சாத்தான் வேகம். நின்ன இடத்துலேர்ந்து கிளம்ப அவனுக்கு நேரம் புடிக்குது. போன தபா நாம தோத்தது அதுலதான். பந்து ஓரத்துக்கு வருது, நாம கிளம்பறோம், அதுக்குள்ள அவன் வந்து நிக்கிறான். அமீருக்கு முதல் அடியே ஓட்டம். பந்து காலுக்கு வர்ற வரைக்கும் தூங்கற மாதிரி நிக்கிறான். வந்துதா, ஆளைக் காணோம்."

"மழையில சேத்துல இன்னா பண்ணுவான்?" என்று கேட்டான் அத்தாவுல்லா. நடுக்களத்தில் ஆடும் அவன் அலி அக்பருக்கு நெருங்கிய தோஸ்து. உதவுவதற்காகவே அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"சேத்துலேயே வளந்தவன்யா அவன். சடையங்குப்பத்துல காஞ்ச தரையை வருசத்துல பாதி நாளு கண்ணுல பாக்க முடியாது."

இம்முறை சிரிப்பு அலி அக்பரின் பக்கம் எழுந்தது. மேஸ்திரிகூட மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"தலையால முட்டுறதுக்கு?" என்றார்.

"முட்டறதுக்கு நடுவுல ஆளுங்க கீறாங்களே மேஸ்திரி. ஓரத்துல கீறவன் பந்தை அவங்களுக்குக் கொடுத்தாப் போதும்."

"ஒரு வருசம் ஓடுவான். அப்பால காலு பூடும். குட்டைக் குதிரை அப்பிடித்தான்."

அந்த இடத்தில் அலி அக்பர் நிறுத்தியிருக்கலாம். வழக்கு ஏறக்குறைய வென்றாகிவிட்டது. ஆனால் மறுக்க முடியாத சாட்சி ஒன்றை வைத்து முடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தச் சாட்சி அவனாகவே இருந்தான்.

"நானும் குட்டைதான் மேஸ்திரி. இத்தினி வருசமா இடது ஓரத்துல நான் ஆடலியா? காலு போச்சா? ஆனா ஒண்ணு, நெஞ்சுல கை வெச்சுச் சொல்றேன். என் நல்ல காலத்துலகூட எனக்கு இந்த வேகம் கிடையாது. இவன்ல பாதிகூட நான் இல்ல."

மேஸ்திரி அவனை மேலும் கீழும் அளந்தார். பிறகு, "ஆட்டம் சரி" என்றார். "தடிக்கு எவன்யா ஜோடி?"

தேயிலைப் பெட்டியைக் கயிற்றில் கட்டி, மூங்கில் தடியில் தொங்கவிட்டு, தடியின் இரு முனைகளையும் இருவர் தோளில் தாங்கி நடப்பது கிடங்கின் வழக்கம். இருவரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒருவன் குட்டையானால் பெட்டி அவன் பக்கம் சறுக்கும். அவன் முதுகும் முறியும், பெட்டியும் உடையும். அதனால் கிடங்கில் ஆட்கள் உயரம் பார்த்தே ஜோடி சேர்க்கப்பட்டிருந்தார்கள். அணியும் அந்த ஜோடிகளால் ஆனதாகவே இருந்தது. ராசையாவின் ஜோடி, வாசலில் குனிந்து நுழைகிறவன். அந்தத் தடியின் மறுமுனையை அமீர் எட்டிப் பிடிக்கலாமே தவிர, தோளில் வைக்க முடியாது.

"அலி அக்பரை வுட்டா, நம்மள்ல அந்த உசரம் அத்தாவுல்லா ஒருத்தன்தான்" என்றான் ராசையா. முழங்காலைத் தடவிக்கொண்டே, எதையும் அறியாதவன்போலச் சொன்னான்.

அத்தாவுல்லாவின் ஜோடி அலி அக்பர்.

"கூப்புடு அவனை" என்றார் மேஸ்திரி.

அமீர் உள்ளே வந்தான். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவரும் தடியை எடுத்து, அதன் நடுவில் வாய்வரை நிரம்பிய வாளி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஒரு முனையை அத்தாவுல்லா தோளில் ஏற்றினான். மறுமுனையை அமீர் ஏற்றினான். இருவரும் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து திரும்பினார்கள். வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"ஆச்சு" என்றார் மேஸ்திரி. "நாளைலேர்ந்து இவன் வரட்டும்."

"அப்ப நான் யாரோட?" என்று கேட்டான் அலி அக்பர்.

"நீதானே சொன்னே, அவன்ல பாதிகூட இல்லன்னு? பாதி ஆளை வெச்சிகினு நான் இன்னா பண்றது? அவன் இடது ஓரத்துல ஆடட்டும்."

"மேஸ்திரி, ராசையாவோட முட்டி..."

"முட்டி ஆறிப்பூடும். உசரம் வளருமா?"

அதற்கும் சிரித்தார்கள். அத்தாவுல்லா மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்து தடியை இறக்குவதில் தேவைக்கு மேல் கவனமாக இருந்தான்.

நடந்தது இன்னதென்று அமீருக்கு விளங்கியதா என்று அலி அக்பர் அவன் முகத்தைத் தேடினான். அமீர் மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தினி மணிக்கு வரணும் மேஸ்திரி?" என்று கேட்டான்.

அலி அக்பர் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அமீர் முன்னால் ஓடியிருந்தான். சாபிரா வெல்லம் போட்டுச் சேமியாப் பாயசம் கிளறிக்கொண்டிருந்தாள். "உங்க வாயாலதான் ஆச்சாமே, சொன்னான்" என்றாள். திருமணமான புதிதில் பார்த்ததுபோல அவனைப் பார்த்தாள்.

அலி அக்பர் தன் இடம் போனதையும் சொன்னான். அவள் கரண்டியை நிறுத்தவில்லை, மெதுவாக்கினாள்.

"அவனா, நீங்களான்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

அவன் பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

கரித்துறையில் அவனைச் சில காலைகளில் எடுத்தார்கள். எடுத்த நாட்களில் கண்ணின் வெள்ளை தவிர எல்லாம் கறுத்து வந்தான். எடுக்காத நாட்களில் குளித்த உடம்போடு உச்சிவேளையிலேயே வந்து, யார் கண்ணிலும் படாமல் படுத்துக்கொண்டான். ராசையாவின் முழங்கால் ஆறவில்லை. ஆனாலும் அவன் வலது ஓரத்தில் நின்றான். பந்தெல்லாம் இடது பக்கமே போயிற்று. அமீர் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தான். தேநீர்க் கடையில் அவனிடம் காசு வாங்குவதில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை இருவருக்கும் சாபிரா ஒன்றாகச் சோறு போட்டாள். அலி அக்பர் அன்று எடுக்கப்பட்டிருந்தான். தேய்த்துக் கழுவியும் முழங்கையில் கரி இருந்தது. அமீர் அணியின் புதிய வெள்ளைச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் அதோடு உட்கார்ந்திருந்தான். மச்சானின் கை அதில் படாதபடி தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.

"நாளைக்குப் பெரம்பூர்க்காரங்களோட ஆட்டம் மச்சான். நீ வரணும். ஓரத்துல நின்னு நீ குரல் கொடுத்தா, பந்து எங்க வரும்னு எனக்குத் தெரியும். வேற எவனுக்கும் அது தெரியல."

"காலையில எடுத்தா வேலை. எடுக்கலன்னா வரேன்."

அமீருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப எடுக்காம வுடட்டும். இன்னிக்குத் தொழுகையில அதையே கேக்கறேன் மச்சான்" என்றான், மனதார.

சாபிரா குழம்புக் கரண்டியோடு நின்றாள். பிறகு, யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாதவள்போல, அதைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள்.