பாலும் மாத்திரையும்

வள்ளியம்மா பாதி மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கிக்கொண்டிருந்தபோது, கிள்ளானிலிருந்து வந்திறங்கிய மாரியாயி அத்தை பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அத எதுக்கு அத்த இப்ப கொண்டாந்தீங்க?"

"எதுக்கா? அண்ணன் கெடக்கிறதப் பாத்தா தெரியலியா? ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்திட்டா நிம்மதியாப் போயிருவாரு."

"மாத்திரைக்கு முன்னால பால் ஆகாது. மொதல்ல இது ஏறட்டும்."

அத்தை அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள்.

முன்னறைக் கட்டிலில் வள்ளியம்மாவின் அப்பா வேலாயுதம் கண்மூடிக் கிடந்தார். ரயில் பாதையைப் பழுதுபார்க்கும் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை முடிந்த பிறகும் பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளச் சத்தம் கேட்கிற வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தார். நடுக்குவாதம் வந்து பல வருஷம். இப்போது நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வலது கையின் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலோடு உரசி, இல்லாத புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் வள்ளியம்மாவும் அத்தையைப் போலத்தான் இருந்தாள். மருந்து சூடு, பாலோடு கொடுத்தால்தான் உடம்பு தாங்கும் என்று பெரிய டம்ளர் பாலில்தான் மாத்திரை கொடுப்பாள். கூடவே ஓர் அவித்த முட்டை. அவர் கல்லாகவே உட்கார்ந்திருந்தார். மருந்தே சரியில்லை என்று சொல்லப்போனபோது, சீன டாக்டர் எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் ஒரு வாசலை வரைந்து காட்டினார். நம்மை நடக்கவைக்கிற டோபமின் என்ற ஒன்றை மூளை தானே ஊறவைக்கிறது. அப்பாவுக்கு அந்த ஊற்று வற்றிப்போய்விட்டது. அதையே வெளியிலிருந்து கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதனால் மாத்திரையில் இருப்பது அதன் மூலப்பொருள். மூளை வாங்கிக்கொண்டு உள்ளே அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். ஆனால் பாலிலும் முட்டையிலும் இருக்கிற சத்துக்கும் அதே வாசல்தான். பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே வந்தவர், வாசல் சின்னது, கூட்டம் சேர்ந்தால் மருந்து வெளியே நிற்கும் என்று முடித்தார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு கொடுத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அப்பா சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு வெளிக்கதவருகே நின்றிருந்தார்.

"டேய் பக்கிரி, கிள்ளான் ரயிலு இன்னிக்கி லேட்டுடா" என்று தெருவைப் பார்த்துப் பழைய கூட்டாளிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சிட்டிகைப் பொடி. கல்லை மனுஷனாக்க அது போதுமாக இருந்தது. அன்று வள்ளியம்மா ஈரத்துணியோடு நின்றபடி தன் விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. அவள் கேட்காமலே அவளுக்குள் ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பகலில் அந்த வீட்டில் பாலே கிடையாது. "என்னா புள்ள இது, தார் தண்ணியாட்டம்?" என்று திட்டிக்கொண்டே அப்பா பால் விடாத தே ஓ குடித்தார். "வாசல மறிக்கும்பா" என்பாள் அவள்.

இப்போது பொடியைத் தண்ணீரில் கரைத்து அவர் வாயில் விட்டாள். கடைவாய் வழியாக வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். மறுபடியும் வழிந்தது.

"போதும்லா, வள்ளி" என்றார் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி. அப்பாவோடு சிலிப்பர் கட்டை மாற்றி, தண்டவாளம் தூக்கியவர்.

"போன மாசமும் இப்படித்தான் மாமா கெடந்தாரு. மாத்திர ஏறுனதும் எந்திரிச்சு உக்காந்து பேசுனாரு. இன்னும் ஒரே ஒரு வாட்டி ஏறிட்டா…"

"நானுந்தான் பாத்தேன். சாமி வந்த மாதிரி எந்திரிச்சான். ஆனா இப்ப தொண்டைல எறங்கவே இல்லியேமா."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பக்கிரிசாமி அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"ஒன்னு சொன்னா திட்டக்கூடாது. 'அவ வேலைக்குப் போயிட்டா, பால் ஊத்துன தே தாரிக் ஒன்னு வாங்கிக் குடுறா'ன்னு கெஞ்சுவான்."

"குடுத்தீங்களா?"

"ஒரே வாட்டி. அன்னிக்குப் பாத்து கடை வாசல்லயே ஒறஞ்சு நின்னுட்டான். தெரு கூட்டுற பொம்பள அவனச் சுத்திப் பெருக்கிட்டுப் போறா. மூஞ்சில மட்டும் அப்பிடி ஒரு சந்தோசம்."

வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"பாலக் காய்ச்சுங்க அத்த. சீனி போடுங்க."

அத்தை ஆற்றிக் கொண்டுவந்தாள். முதல் கரண்டியை வள்ளியம்மா ஊற்றினாள். நேற்றிலிருந்து தண்ணீரைக்கூட ஏற்காத தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. உதடுகள் கூடின. நாக்கின் நுனி வெளியே வந்து, உதட்டில் ஒட்டியிருந்ததைத் தேடியது.  அத்தையும் பக்கிரிசாமியும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். புகையிலை சுருட்டிய விரல் மெதுவாகி, நடுவில் ஒருமுறை தயங்கி, நின்றது.

வெளியே கிள்ளான் ரயில் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

தட்டில் பால் டம்ளரும் அதை ஒட்டி மீதிப் பாதி மாத்திரையும் இருந்தன. டம்ளரைத் தள்ளி வைக்க வள்ளியம்மாவின் கை தன்னால் நீண்டது. பாதி வழியில் நின்று, திரும்பி மடிக்கு வந்தது.