உயிருள்ள சரக்கு

வெப்பத்துக்கும் மனிதனுக்கும் இடையே ஆதிகாலம் தொட்டு நடந்துவரும் போரில், மனிதன் பக்கம் நின்று ஒருநாளும் தோற்காத தளபதிகள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவன் குளிர்பதனக் கிடங்கின் சூப்பர்வைசர். வெளியே தார்ச்சாலை இளகி செருப்பைப் பிடித்து இழுக்கும். அவனுடைய அறைக்குள் ஐஸ்கிரீம் செங்கல்லாக இருக்கும். மைனஸ் பதினெட்டு டிகிரி. மீட்டர் பதினேழு காட்டினால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. மூட்டை ஏற்றுகிறவர்கள் அவனுக்கு 'மைனஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை அவன் விருதாக எடுத்துக்கொண்டான்.

தளபதியின் வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி. அதையும் மூன்றுக்கு மேல் திருப்பினால் கழன்று வந்துவிடுவேன் என்று ஆடும்.

அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான்காவது மாதம் முடிவதற்குள் கோடை வந்து வாசலில் குந்திவிட்டது. சூப்பர்வைசர் கலங்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து கட்டம் போட்டான். நேரம், அறை வெப்பம், ஈரப்பதம், நிலை, பொறுப்பாளர் கையெழுத்து. அதைக் குழந்தையின் தள்ளுவண்டிக் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டான்.

"கையெழுத்து யாரு போடணும்?" என்று கேட்டாள் மனைவி. அவள் பஸ் கண்டக்டர். ஒரு விசிலில் அறுபது பேரை உள்ளே தள்ளுகிறவள். இப்போது பிரசவ விடுப்பில் இருந்ததால் அந்த அறுபது பேருக்கான பேச்சும் இவன் ஒருவனுக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

"பொறுப்பாளர்தான். நான்."

"பாப்பாவும் ஒரு கைநாட்டு வைக்கட்டுமே. சரக்கு நல்லபடியா வந்து சேர்ந்துச்சுன்னு."

அவன் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். பெரிய காரியங்களில் இறங்கியவர்கள் கேலிக்குப் பதில் சொல்வதில்லை என்பது அவனுடைய கொள்கை. பதில் தோன்றாத நாட்களில் அந்தக் கொள்கை ரொம்பவும் உதவியது.

விடுப்பை நீட்டிக்க வேண்டுமென்றால் நேரில் வந்து எழுதிக்கொடுக்கச் சொல்லி டிப்போவிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. அவன் ஒருநாள் லீவு போட்டான். காலை பத்து மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்து, துணி மாற்றிவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டே அடுக்கினாள்.

"பால் எடுத்து ஃபிரிட்ஜில வெச்சிருக்கேன். வெயில் நாள், அடிக்கடி கேப்பா, கேக்கறப்பல்லாம் குடுங்க. தண்ணி கிண்ணி குடுத்துத் தொலைக்காதீங்க, ஆறு மாசம் ஆகலை. மெல்லிசு சட்டை ஒண்ணு போதும். கேட்டுதா?"

"எனக்கா சொல்றே? நூத்தி இருபது டன் சரக்கை ஒரு சொட்டு உருகாம பாத்துக்கறவன்டி நான்."

"இது ஆறு கிலோதாங்க. அதான் பயமா இருக்கு."

அவள் போனதும் அவன் வேலையில் இறங்கினான். முதலில் ஜன்னல்களை அடைத்தான். அடுத்து, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பொருளை வெளியே எடுத்தான். லாரியில் ஐஸ்கிரீம் பெட்டிகளைச் சுற்றுகிற போர்வை அது. வெளியே வெள்ளித் தாள், உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு. இதைச் சுற்றிவிட்டால் உச்சி வெயிலிலும் ஆறு மணி நேரத்துக்கு ஐஸ்கிரீம் அசையாது. வெயில் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான் கணக்கு. தள்ளுவண்டியைச் சுற்றி அதைக் கட்டி, மேலே மூடி, குழந்தையின் மூக்குக்கு நேராக ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டான். தெர்மாமீட்டரைப் போர்வைக்கு மேலே, மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தான். அது முப்பது காட்டியது. வெளியே நாற்பத்தொன்று.

குழந்தை கொஞ்ச நேரம் உதைத்தது. அப்புறம் வீறிட்டது. பிறகு சிணுங்கியது. பன்னிரண்டரை மணி வாக்கில் அதுவும் நின்றுவிட்டது.

பதிவேட்டில் எழுதினான்: 'நிலை: அமைதி. திருப்தி.' கையெழுத்தின் கீழே இரண்டு கோடு போட்டான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. கிடங்கின் பழ அறைக்குப் பொறுப்பான அக்கா நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மூச்சு வாங்கினாள்.

"ஏன் தம்பி, லீவு போட்டா ஆள் மட்டும் போகணும். என் அறைச் சாவியையும் பாக்கெட்டில போட்டுக்கிட்டு வந்துட்டா வாழைத்தாரை நான் ஜன்னல் வழியா எடுக்கறதா? லாரிக்காரன் கிடங்கு வாசல்ல நிக்கிறான்."

அவன் சாவியைத் தேடினான். அக்காவின் கண் அறை நடுவில் மினுங்கிக்கொண்டிருந்த வெள்ளிக் குன்றின் மேல் விழுந்தது.

"அது என்ன பார்சல்?"

"என் பொண்ணு" என்றான் பெருமையாக. "கண்ட்ரோல்ல வெச்சிருக்கேன்."

அக்கா அதன் பக்கத்தில் போனாள். விட்டிருந்த இடைவெளியில் கையை நுழைத்தாள். சுட்டுக்கொண்டவள் போல வெளியே எடுத்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். வாழைத்தாரை இப்படிக் கட்டி மூடி வெச்சா என்ன ஆவும்?"

"வைக்கவே கூடாது" என்றான் அவன் உடனே. வருஷா வருஷம் புது ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறவன் அவன். தூக்கத்தில் கேட்டாலும் வரும். "ஐஸ்கிரீம் செத்த சரக்கு. பழம் உயிருள்ள சரக்கு. மூச்சு விடும், தானே சூடு விடும். காத்துக்கு வழி இல்லாம மூடினா அதோட சூட்டிலேயே அது வெந்து…"

அவன் பார்வை வெள்ளிப் போர்வைக்குத் திரும்பியது.

அடுத்த நொடி தளபதி மண்டியிட்டுக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவிழவில்லை. அக்கா பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே குழந்தை கன்றிச் சிவந்து, கழுத்து மடிப்பெல்லாம் வியர்வையோடு, துவண்டு கிடந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"ஃப்ரீசர்ல ஐஸ் இருக்கு!" என்று ஓடினான்.

"ஐஸைக் கொண்டுபோய் உன் தலையில வை. பச்சை உடம்பு அது. குழாயில வெதுவெதுன்னு வருதே, அந்தத் தண்ணில துணியை நனைச்சுக் குடு. ஜன்னலைத் திற, திரை மட்டும் தொங்கட்டும்."

சட்டையைக் கழற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று அக்கா ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவன் ஒரு கையால் பதிவேட்டை விசிறியாக ஆட்டிக்கொண்டு, மறு கையால் தாய்-சேய் மருத்துவமனைக்குப் போன் போட்டான். நர்ஸ் பதறவில்லை. கண் திறக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, உடம்புச் சூடு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டாள். போர்வைக்கு மேலே வைத்திருந்த தெர்மாமீட்டரை இப்போதுதான் அவன் குழந்தையின் அக்குளில் வைத்தான். முப்பத்தேழரை.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

அவன் பதிவேட்டைப் பார்த்தான். அத்தனை கட்டத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அக்கா குழந்தையின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். காலையில் கட்டியது, காய்ந்து கிடந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா பால் குடுத்துக்கிட்டே இருங்க. குடிக்கலைன்னாலோ, இன்னும் துவண்டாலோ உடனே தூக்கிட்டு வாங்க. குடிச்சாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா கூட்டிட்டு வந்துடணும். போச்சுன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

குழந்தை முதலில் பால் புட்டியின் ரப்பரை நாக்கால் தள்ளியது. இரண்டாவது தடவை ஒரு மிடறு இழுத்தது. அப்புறம் யோசித்துப் பார்த்து இன்னொரு மிடறு. பிறகு அழுதது. தெருக்கோடி வரை கேட்கிற அழுகை. அவனுக்கு அதைவிட நல்ல சங்கீதம் எதுவும் வாழ்நாளில் கேட்ட ஞாபகம் இல்லை.

மனைவி வந்தபோது மணி ஒன்றேகால். அறை நடுவில் வெள்ளிப் போர்வை, தரையில் ஈரம், புருஷன் மடியில் அம்மணமாகக் குழந்தை, எதிரில் அக்கா. அவள் கேட்பதற்குள் அவனே எல்லாவற்றையும் சொன்னான், எதையும் குறைக்காமல். "மூடினது நான்தான். அமைதின்னு எழுதினேன்" என்றபோது குரல் உடைந்தது.

விசில் இல்லாமலே அறுபது பேரை அடக்குகிற பார்வை ஒன்று அவளிடம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் அவன் மேல் வைத்திருந்தாள். பிறகு குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு அடங்கியிருந்தது.

"என்கிட்ட குடுங்க, பால் குடுக்கறேன். அழுவறதா இருந்தா அப்புறம் அழுங்க, இப்ப துணியை நனைச்சுட்டு வாங்க."

குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டச் சொல்லி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அது மன்னிப்பா, கை வலியா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கிலிருந்து அவனுக்கு இரண்டு தடவை போன் வந்தது. லாரிக்காரன் காத்திருந்தான். வாழைத்தார் காத்திருந்தது. யாரும் அசையவில்லை.

ஒன்று நாற்பதுக்கு அவன் சட்டையில் இளஞ்சூடாக ஏதோ பரவியது. நெஞ்சில் தொடங்கி, பாக்கெட்டை நிரப்பி, இடுப்பு வரை இறங்கியது.

"போயிட்டா!" என்று கத்தினான். "அக்கா, போயிட்டா!"

"அசையாத தம்பி, முழுசாப் போவட்டும்."

மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்து, தன் வேலை முடிந்ததென்று கொட்டாவி விட்டது. அவன் பதிவேட்டை எடுத்துப் புதுக் கட்டம் ஒன்று போட்டான். 'ஒன்று நாற்பது. தாராளம்.' ஈரத்தில் மை கலைந்தது. அக்கா மேஜை மேல் கிடந்த சாவியைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நர்ஸுக்குச் சொல்ல வேண்டுமே. சொட்டச் சொட்ட நின்றபடியே போனின் அழைப்புப் பட்டியலில் மேலே இருந்த நம்பரை அழுத்தினான். எதிர்முனையில் எடுத்த சத்தம் கேட்டதும் மூச்சுவிடாமல் கொட்டினான்: "மேடம், ஒண்ணுக்குப் போயாச்சு! ரொம்ப நல்லாப் போயாச்சு! பாக்கெட்டெல்லாம் ரொம்பிடுச்சு, இப்பதான் நிம்மதியா இருக்கு!"

மேலே இருந்தது கடைசியாக வந்த அழைப்பு; அது கிடங்கின் ஜெனரல் மேனேஜருடையது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள்.