ஒருத்திக்கான படகு

படகு வியாபாரியின் கொட்டகையில் இரண்டு கேட்டமரான்கள் நின்றன. இரண்டிலும் ஒரே அமைப்புதான். இரு பக்கமும் மெல்லிய நீண்ட மிதவைகள், நடுவே இறுக்கிக் கட்டிய வலை, அதன்மேல் உயர்ந்த பாய்மரம். ஒன்று அகலமானது. இருவர் ஓட்டலாம், முன்பாயைக் கழற்றிவிட்டால் தனியாகவும் ஓட்டலாம். மற்றது ஒடுக்கமானது, ஒருவருக்கு மட்டும்.

அக்கா நேரே போய் அகலமானதில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய இடது கை கழுத்திலிருந்து பட்டையில் தொங்கியது.

"இதுல என்னடி யோசனை? அடுத்த வருஷம் நான் வந்துருவேன். அதுவரைக்கும் நீ தனியா ஓட்டு."

"டாக்டர் வேண்டாம்னுதானே சொன்னார்?"

"அவருக்கு நீச்சலே தெரியாது. அவர் பேச்சைப் போய்!"

பல வருஷங்களாக அக்காவின் படகில்தான் போட்டிகளுக்குப் போனேன். அவள் சுக்கான் பிடிப்பாள். நான் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பைக் கொக்கி மாட்டி, மிதவையின் விளிம்பில் கால் ஊன்றி, தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்பேன். படகு கவிழாமல் இருக்க அந்தப் பாரம் வேண்டும். "வெளியே" என்றால் வெளியே, "உள்ளே" என்றால் உள்ளே. காற்றை நான் பார்த்ததே இல்லை. அவள் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் நான் செயற்கைப் பற்களை ராவிக்கொண்டிருக்கும் பல் லேபில் யாரும் பேசுவதில்லை. அதனாலோ என்னவோ, அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது.

அவள் தோள்மூட்டு கழன்றதோடு படகை விற்றுவிட்டாள். என்னால் தனியாக முடியுமா என்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு வருஷத்தை விடுவதாக இல்லை.

"தனியா ஓட்டணும்னா ஒண்ணுதாம்மா பார்க்கணும்," என்றார் வியாபாரி. "கவுந்தா நீங்களே நிமித்தணும். மத்ததெல்லாம் பாயோட கலர் மாதிரி, எப்படி இருந்தாலும் சரி. முதல்ல பெருசை எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

அவர் மோட்டார் படகில் பின்னால் வந்தார். அக்காவும் ஏறிக்கொண்டாள்.

காற்று நன்றாக இருந்தது. கம்பியில் கொக்கி மாட்டி வெளியே சாய்ந்தேன். ஒரு மிதவை தண்ணீரைவிட்டு மேலே எழுந்தது. கன்னத்தில் காற்று மாறுவதை உணர்ந்தேன். வலுக்கப்போகிறது, இன்னும் சாயவேண்டும்.

"உள்ளே!" என்று அக்கா கத்தினாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். அவள் இருந்த மோட்டார் படகின் பக்கம் காற்று தணிந்திருக்கிறது. நான் இருந்த இடத்தில் அறைந்தது. படகு அப்படியே புரண்டது.

கீழ் மிதவையில் ஏறி நின்றேன். மேல் மிதவையின் மேலாக வந்த கயிற்றை இழுத்துப் பிடித்து முதுகு தண்ணீரைத் தொடுமளவு சாய்ந்தேன். பாய்மரம் கொஞ்சம் எழுந்து மறுபடி படுத்துக்கொண்டது. முன்முனையைக் காற்றுக்குத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை எரிந்தது. திரும்பவும் படுத்துக்கொண்டது. என் எடை போதவில்லை.

"எலி! நான் குதிக்கறேன்டி!" என்றாள் அக்கா. ஒல்லியாக இருப்பதால் சின்ன வயதிலிருந்தே அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா? உக்காருக்கா!"

அவள் உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டாள். கடைசியில் வியாபாரி வந்து பாய்மர நுனியைத் தூக்கிவிட்டபிறகுதான் படகு நிமிர்ந்தது.

கரைக்கு வந்தோம். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கத்தினதாலதானே?" என்றாள் அக்கா.

"நான் கேட்டதால."

"இன்னும் ரெண்டு கிலோ ஏறினா நிமித்திடலாம்டி. நான் சமைச்சுப் போடறேன்."

"உன் சமையல்ல இருக்கறதும் இறங்கிரும். சின்னதை எடுங்க," என்றேன் வியாபாரியிடம்.

"சரி. பேசாம இருன்னா இருக்கேன்," என்றாள் அக்கா.

"பேசு. நான் கேக்கமாட்டேன்."

ஒடுக்கமான படகு துடிப்பாக இருந்தது. கொஞ்சம் அசந்தாலும் மூக்கைத் தண்ணீரில் குத்தப் பார்த்தது. காற்று வலுத்தபோது மோட்டார் படகிலிருந்து அக்காவின் குரல் "உள்ளே!" என்று கேட்டது. முழங்கால் தானாக மடங்கியது. பல்லைக் கடித்து அதை நிமிர்த்தி, இன்னும் வெளியே சாய்ந்தேன். மிதவை தண்ணீருக்குச் சற்று மேலேயே நின்று பறந்தது.

பிறகு வேண்டுமென்றே கவிழ்த்தேன். கயிற்றை இழுத்துச் சாய்ந்தேன். பாய் கனத்தது, தயங்கியது. விடவில்லை. காற்று பாயின் அடியில் புகுந்ததும் படகு விசுக்கென்று எழுந்து, என்மேலேயே விழப்பார்த்தது. விளிம்பைப் பிடித்துத் தொங்கி, வலையில் உருண்டு ஏறினேன்.

மோட்டார் படகு பக்கத்தில் வந்தது.

"இதுதான்," என்றேன்.

அக்கா அந்தக் குறுகலான வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எனக்கு உக்கார இடமே இல்லையேடி."

"இல்லக்கா."

அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தால் சமாதானமாக இன்னொரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கும். பாயின் கயிற்றை இழுத்தேன். படகு நகர்ந்தது.