புளி போட்டு மினுக்கிய ஐந்து சதம்

கொலின்ஸ் மாஸ்டரை வாயால் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் அவன் எனக்கு அவன்தான். ஆறு வருடமாக அப்படித்தான். ஒருவனை இவ்வளவு காலம் விடாமல் வெறுப்பதற்குப் பொறுமை வேண்டும். தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தியவளிடம் அது தாராளமாக இருந்தது.

என் கணவர் ஏர்னெஸ்ட் பழைய காசு சேர்ப்பவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போவார். அங்கே ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் நாணயச் சங்கம் கூடும். இருபது கிழவர்கள், ஒரு கேத்தில் தேத்தண்ணி, பின்னேரம் முழுக்கச் சண்டை. இந்தக் காசு எந்த வகை, அந்தக் காசு எந்த வகை என்பதுதான் சண்டை. அதில் பெரியது புறூப் சண்டை. சந்தையில் புழங்கவென்று இலட்சக்கணக்கில் அடிப்பது சாதாரணக் காசு. புறூப் என்பது பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கவும் காட்சிக்கு வைக்கவும் தீட்டிய அச்சில் ஆறுதலாக, இரண்டு தரம் அடித்த காசு. அதில் முகம் பார்க்கலாம். எது புறூப், எது வெறும் மினுக்கம் என்று தீர்ப்புச் சொல்வது தலைவர் கொலின்ஸ்.

குருநகர் சிமியோன் ஏர்னெஸ்டின் நாற்பது வருடச் சிநேகிதர். கடல் தொழில். பழைய வீட்டை இடித்தபோது சுவருக்குள் கிடைத்தது என்று, விக்டோரியா ராணி தலை போட்ட செப்பு ஐந்து சதம் ஒன்றைச் சும்மாவே கொண்டுவந்து தந்தார். பின்பக்கத்தில் ஒரு மரம். அது எங்கள் பனையா, தெற்கத்தித் தாளிப்பனையா என்றுகூடச் சங்கத்தில் சண்டை நடந்திருக்கிறது. ஏர்னெஸ்ட் புது மாப்பிள்ளை மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு அதைக் கூட்டத்துக்குக் கொண்டு போனார்.

கொலின்ஸ் அதை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"சந்தைக் காசைப் புளி போட்டு மினுக்கிப்போட்டுப் புறூப் எண்டு கொண்டு வந்திருக்கிறியள். ஏர்னெஸ்ட் அண்ணை, உது ஏமாத்து."

சொன்னதோடு விடவில்லை. 'உறுப்பினர் ஏர்னெஸ்ட் மினுக்கிய காசைப் புறூப் என்று காட்ட முயன்றார்' என்று அறிக்கைக் கொப்பியிலும் எழுதுவித்தான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை படிப்பித்த மனிதரை, இருபது பேருக்கு முன்னால். அதற்குப் பிறகு ஏர்னெஸ்ட் சங்கத்துக்குப் போகவில்லை. முதல் சனிக்கிழமை வந்தால் வாழைக்குத் தண்ணி விடுகிறேன் என்று கிணற்றடியில் போய் நிற்பார். வாழை அழுகிப்போகும் அளவுக்கு விடுவார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காசை மினுக்கியது நான்.

சிமியோன் கொண்டுவந்தபோது ஏர்னெஸ்ட் வீட்டில் இல்லை. காசு கறுத்துப் போயிருந்தது. அந்த வாரம் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குவது என் முறை. கையில் பழப்புளியும் சாம்பலும் இருந்தன. நாலு பேர் பார்க்கப்போகிற காசு துப்பரவாக இருக்கட்டுமே என்று அதையும் போட்டுத் தேய்த்தேன். பழங்காசைத் தேய்ப்பது பாவம் என்று காசுக்காரரோடு குடும்பம் நடத்திய எனக்குத் தெரியவில்லை. ஏர்னெஸ்ட் முதன்முதல் கண்டபோதே அது பளபளத்தது. சந்தோஷத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கூட்டத்தால் வந்தவர் நேரே தொலைபேசியை எடுத்தார். "சிமியோன், நீயோடா மினுக்கித் தந்தனி?" என்றார். சிமியோன் தங்கள் கோயில் புனிதர் யாகப்பர் மேல் சத்தியம் பண்ணியது அகப்பையோடு குசினி வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. ஏர்னெஸ்ட் நம்பவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. போன வருடம் சிமியோன் மாரடைப்பில் செத்தார். ஏர்னெஸ்ட் செத்த வீட்டுக்குப் போகவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துக் கொலின்ஸின் தலையில் கட்டினேன். அவன் அன்று ஒழுங்காகப் பார்த்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அவனை அதே மேல்மாடியில், அதே இருபது பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்கவேண்டும். அதற்காகவே பூதக்கண்ணாடி வாங்கினேன், புத்தகம் படித்தேன், சங்கத்தில் சேர்ந்தேன். கடைசியில் இரண்டு விஷயம் கண்டுபிடித்தேன். எங்கள் காசு உண்மையிலேயே புறூப். தேய்த்தால் காசு கெடும், ஆனால் அடித்த விதம் மாறாது. மற்றது இன்னும் இனிப்பானது. கொலின்ஸ் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிற அவனுடைய ஐந்து சதம் புறூப்பே இல்லை. லண்டனிலிருந்து அதோடு வந்த அட்டையில் புறூப் என்று போட்டிருந்தது. அவன் அட்டையைப் பார்த்தான், காசைப் பார்க்கவில்லை.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. எந்த உறுப்பினரும் வருடத்துக்கு ஒரு தரம், தீர்ப்பான காசுகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த ஆவணிக் கூட்டத்தில் நான் கேட்டேன். ஏர்னெஸ்டையும் இழுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருத்தினேன்.

"மாஸ்டர், எனக்கு விளங்கேல்லை," என்று பூனைக்குட்டி மாதிரித் தொடங்கினேன். "புறூப்பை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஒருக்காச் சொல்லித் தாங்கோவன்."

வாத்தியார் அல்லவா, படிப்பிக்கச் சொன்னால் அவனுக்குக் குளிர்ந்துவிடும். "மினுக்கத்தைப் பாக்கக்கூடாது மிஸிஸ் ஏர்னெஸ்ட். புது அச்சிலை முதல் அடிக்கிற சந்தைக் காசும் மினுங்கும். விளிம்பு சதுரமா நிக்கோணும். எழுத்துக்குள்ளை, துணி போகாத இடத்திலை, கண்ணாடி மாதிரி இருக்கோணும்."

"சுபாங்கன், அதை அப்பிடியே கரும்பலகையிலை எழுதுங்கோ," என்றேன்.

சுபாங்கன் சங்கச் செயலாளர், வங்கியில் வேலை. எழுதினான். அவனிடம் காசைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி இருந்தது. முதலில் மாஸ்டரின் காசை வைக்கச் சொன்னேன். கொலின்ஸ் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். திரையில் அதன் விளிம்பு தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டு தெரிந்தது. ஆங்கிலத்தில் சிலோன் என்ற சொல்லின் ஓ வட்டத்துக்குள் மங்கல். இருபது பேரும் கரும்பலகையைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், பிறகு மாஸ்டரைப் பார்த்தார்கள். அவன் கழுத்து சிவந்து வருவதை நான் ஆசை தீரப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, பாயாசம் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்தது எங்கள் காசு. முகம் முழுக்கப் புளியும் சாம்பலும் போட்ட கீறல். ஆனால் விளிம்பு சதுரம். ஓ வட்டத்துக்குள் ஒரு துளி கண்ணாடி, கருஞ்சிவப்பாக, என் விரல் எட்டாத இடத்தில் அப்படியே இருந்தது.

"இது புறூப்," என்றான் சுபாங்கன். ஒருவரும் மறுக்கவில்லை.

"அப்ப கொப்பியைத் திருத்துங்கோ மாஸ்டர். உங்கடை கையாலை எழுதி, எழும்பி நிண்டு வாசியுங்கோ."

எழுதினான். எழும்பி நின்று வாசித்தான். பிறகு எங்கள் காசைக் கையில் எடுத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் பார்க்காத பார்வையை அப்போது பார்த்தான்.

"நான் பிழை. ஒத்துக்கொள்ளுறன். ஆனா மினுக்கினது மெய்தானே. இப்பிடி ஒரு காசுக்கு ஆர் புளி போட்டது?" அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே நொந்துபோய்க் கேட்டான்.

பின்வரிசையிலிருந்து ஏர்னெஸ்ட் சொன்னார். "தந்தவன் செய்த வேலை. அவன் செத்தும் போனான்."

"பேரைச் சொல்லுங்கோ அண்ணை, அதையும் எழுதிவிடுவம்," என்று சுபாங்கன் பேனையை எடுத்தான்.

"குருநகர் சிமியோன்."

விட்டிருக்கலாம். செத்தவர் எழும்பி வந்து மறுக்கப்போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. சுபாங்கன் 'சி' என்ற முதல் எழுத்தைப் போட்டுவிட்டான்.

"எழுதாதையுங்கோ. நான்தான் மினுக்கினது."

ஏர்னெஸ்ட் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கொலின்ஸ் சிரித்திருந்தால் எனக்குப் பிடிக்க ஒரு கொம்பு கிடைத்திருக்கும். அவன் சிரிக்கவில்லை, காசை மெதுவாக என் முன்னால் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏர்னெஸ்ட் எழும்பிப் படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன். றோட்டில் ஓட்டோ ஒன்றை மறித்து, குருநகருக்குப் போகச் சொன்னார்.

சிமியோன் வீட்டு ஒழுங்கை முனையில் இறங்கினோம். "நீ போய்ச் சொல்லு," என்றார். "எனக்கு அந்த வாசல்லை நிக்க முகமில்லை."

சிமியோனின் மனைவி கத்தரீனா கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புளி, சாம்பல், தொலைபேசி, குசினி வாசல் எல்லாம்.

"அந்தச் செத்த வீட்டிலை எல்லாரும் கேட்டவை, ஏர்னெஸ்ட் ஏன் வரேல்லை எண்டு," என்றாள் கடைசியில். "நான் என்னத்தைச் சொல்லுறது? என்ரை மனிசன் கள்ளன் எண்டோ?"

"கத்தரீனா, நான் இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன்."

"உங்கடை மனிசன்ரை பேரைத் திருத்த ஒரு கொப்பி இருந்தது. என்ரை மனிசன்ரை பேரை எந்தக் கொப்பியிலை அக்கா திருத்துவியள்?"

அவள் உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் என்னை மன்னிக்கமாட்டாள். அவள் இடத்தில் நான் என்றாலும் மன்னிக்கமாட்டேன்.